கேரள அரசின் பரிசுச் சீட்டு

அரசு தன் கருவூலத்தை நிரப்ப வரி ஒரு வழி. மக்களின் ஆசை மற்றொரு வழி. இரண்டாம் வழிக்கென ஓர் அரசுத் துறையையே அமைத்த முதல் இந்திய மாநிலம் கேரளம். 1967ஆம் ஆண்டில், நிதியமைச்சராயிருந்த பி.கே. குஞ்ஞு அவர்களின் முயற்சியால் இத்துறை தோன்றிற்று. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் முதற்சீட்டு வெளியாயிற்று. விலை 1 ரூபாய். முதற்பரிசு 50,000 ரூபாய். 1968 சனவரி 26ஆம் நாள் குலுக்கல் நடைபெற்றது.

அரசு அச்சிடும் சீட்டுகளை முகவர்கள் கழிவு விலையில் பெறுவர். அவர்களிடமிருந்து சில்லறை விற்பனையாளர் பெறுவர். முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் பலர் இத்தொழிலால் வாழ்கின்றனர். நடுவர் குழுவின் முன்னிலையில் பொறியைக் கொண்டு குலுக்கல் நிகழும். வென்றவர் 30 நாட்களுக்குள் சீட்டை ஒப்படைத்தல் வேண்டும். பெரும் பரிசாயின் முகவர் பங்கும் வருமான வரியும் போக எஞ்சியதே கைக்கு வரும்.

2011இல் தொடங்கிய 'காருண்யா' சீட்டின் வருவாய் ஏழை நோயாளிகளின் மருத்துவத்திற்கு உதவிற்று. இது போற்றத்தக்கதே. எனினும் 2022 ஓணச் சீட்டை எண்ணிப் பார்ப்போம். விலை 500 ரூபாய்; முதற்பரிசு 25 கோடி. விற்றவை 60 இலட்சத்திற்கும் மேல். முதற்பரிசு பெற்றதோ ஒரே சீட்டு. வென்றவரை நாடறியும், அன்றாடக் கூலியில் சீட்டு வாங்கித் தோற்றவரை அவர்தம் இல்லம் மட்டுமே அறியும். நற்பணிக்கான பொருளை யாரிடமிருந்து திரட்டுகிறோம் என்பதும் சிந்திக்கத்தக்கதன்றோ?