சிறு வானூர்தியில் புதிய மின்னணுக் கருவிகளைப் பொருத்துதல்

வானூர்தியின் திசை, உயரம், சாய்வு ஆகியவற்றைக் காட்டவும், தரையுடன் பேசவும், வழியறியவும், தன் இருப்பிடத்தைப் பிறருக்கு அறிவிக்கவும் பயன்படும் மின்னணுக் கருவிகளின் தொகுதி ஏவியானிக்ஸ் எனப்படும். தமிழில் இதைப் பறப்பு மின்னணுவியல் என்பர். தனியாரிடம் உள்ள சிறு வானூர்திகள் பல 40, 50 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டவை. முறையான பராமரிப்பால் அவற்றின் உடலும் பொறியும் நல்ல நிலையில் இருக்க, கருவிகள் மட்டும் பழையனவாகிவிடுகின்றன. அவற்றை நீக்கிப் புதியவற்றைப் பொருத்துவது இன்று பரவலாக நடைபெறும் பணியாகும்.

இத்தகைய வானூர்திகள் மிகுதியாக உள்ள நாடு அமெரிக்கா. எனவே அந்நாட்டு நடைமுறையை, செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை வானூர்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 1956 முதல் விற்பனைக்கு வந்த இவ்வகையில் இதுவரை 44,000க்கும் மேற்பட்ட வானூர்திகள் கட்டப்பட்டுள்ளன. புதிய கருவியை விலைக்கு வாங்குவது இப்பணியின் ஒரு பகுதியே. பொருத்தும் முறை, சோதனை, விமானியின் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அக்கருவி பாதுகாப்பைத் தரும்.

பழைய கருவிப் பலகை

1970களில் கட்டப்பட்ட செஸ்னா 172இல் விமானிக்கு எதிரே ஆறு வட்டக் கருவிகள் இரண்டு வரிசைகளில் இருக்கும். மேல் வரிசையில் வேகமானி, செயற்கைத் தொடுவானம், உயரமானி ஆகியவையும், கீழ் வரிசையில் திருப்பங்காட்டி, திசைகாட்டும் கைரோ, ஏறுவீதமானி ஆகியவையும் அமைந்திருக்கும்.

இவற்றுள் வேகமானி, உயரமானி, ஏறுவீதமானி ஆகிய மூன்றும் காற்றழுத்தத்தைக் கொண்டு இயங்குகின்றன. மற்ற மூன்றிலும் கைரோ என்னும் வேகமாகச் சுழலும் சிறு சக்கரம் உண்டு. வேகமாகச் சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதை நாம் அறிவோம். அதேபோல் சுழலும் கைரோவும் தன் நிலையை மாற்றாது. வானூர்தி சாயும்போது கைரோ சாயாமல் நிற்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கருவி சாய்வாகக் காட்டுகிறது.

செயற்கைத் தொடுவானத்தையும் திசைகாட்டும் கைரோவையும் சுழலவைப்பது, பொறியால் இயக்கப்படும் வெற்றிடப் பம்பு. இப்பம்பு காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் காற்றோட்டம் கைரோச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. திருப்பங்காட்டி பெரும்பாலும் மின்சாரத்தால் இயங்கும். ஒன்று நின்றால் மற்றது உதவ வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மாற்றுவதற்கான காரணங்கள்

முதற்காரணம் வெற்றிடப் பம்பின் குறைபாடு. எண்ணெய் இல்லாமல் இயங்கும் இப்பம்புகளில் கரியால் ஆன தகடுகள் உள்ளன. தேய்ந்த தகடு ஒருநாள் முன்னறிவிப்பின்றி உடைந்து, பம்பு நின்றுவிடும். ஆனால் கைரோ உடனே நிற்பதில்லை. வேகம் குறையும் பம்பரம் மெல்லத் தள்ளாடுவதுபோல, செயற்கைத் தொடுவானமும் மெல்ல மெல்லச் சாயத் தொடங்கும். வெளியே தெளிவான வானம் இருந்தால் விமானி இதை எளிதில் கண்டுகொள்வார். மேகத்தினுள் இருந்தால், பொய் சொல்லும் கருவியை நம்பி வானூர்தியைத் தவறான பக்கம் சாய்த்துவிடக்கூடும். வெளிக்காட்சி இல்லாதபோது மனிதக் காதின் சமநிலை உறுப்பும் தவறான உணர்வையே தரும். இந்நிலை திசைமயக்கம் எனப்படும்.

பம்பு மட்டுமன்றிக் கருவியே பழுதடைவதும் உண்டு. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று மிசூரி மாநில ஆளுநர் மெல் கார்னஹன் சென்ற செஸ்னா 335 வானூர்தி இரவில், மோசமான வானிலையில் விழுந்து, அதிலிருந்த மூவரும் இறந்தனர். விமானிக்கு ஏற்பட்ட திசைமயக்கமே விபத்துக்குக் காரணம் என்றும், முதன்மைச் செயற்கைத் தொடுவானம் பழுதடைந்ததும் மோசமான வானிலையும் அதற்குத் துணைபோயின என்றும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

இரண்டாவது காரணம் சட்டம். 2020 ஜனவரி 1 முதல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளி உள்ளிட்ட பல பகுதிகளில் பறக்க ஏடிஎஸ்-பி அவுட் என்னும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. இது செயற்கைக்கோள் வழியே தன் இருப்பிடத்தை அறிந்து, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை அதை வானொலி அலையில் அறிவிக்கும். 18,000 அடிக்கு மேல் பறக்க 1090 மெகாஹெர்ட்சில் இயங்கும் கருவி தேவை. அதற்குக் கீழே மட்டும் பறப்பவர்கள் 978 மெகாஹெர்ட்ஸ் கருவியையும் பயன்படுத்தலாம். கருவியைப் பொருத்த நேர்ந்த உரிமையாளர் பலர், பலகையைத் திறந்த கையோடு மற்றப் பழைய கருவிகளையும் மாற்றிக்கொண்டனர்.

மூன்றாவது காரணம், உதிரிப் பாகங்களும் பழைய கருவிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருவது.

அனுமதி

ஒவ்வொரு வானூர்தி வகையும் அரசின் வகைச் சான்றிதழைப் பெற்ற பிறகே விற்பனைக்கு வருகிறது. அச்சான்றிதழில் உள்ள வடிவமைப்பை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்ற இயலாது. பெரிய மாற்றம் செய்வதற்குத் துணை வகைச் சான்றிதழ் தேவை. இதைச் சுருக்கமாக எஸ்டிசி என்பர். பெரும்பாலும் கருவி உற்பத்தியாளரே இதை எஃப்ஏஏ எனப்படும் கூட்டாட்சி வான்பயண நிர்வாகத்திடமிருந்து பெற்றுவைத்திருப்பார். எந்தெந்த வானூர்தி மாதிரிகளில் கருவியைப் பொருத்தலாம் என்ற பட்டியலும் அதில் இருக்கும். தம் வானூர்தி அப்பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பதே உரிமையாளரின் முதல் வேலை.

நெடுங்காலம் சான்றிதழ் பெற்ற மின்னணுச் செயற்கைத் தொடுவானத்தின் விலை மிக அதிகமாக இருந்தது. வீட்டிலேயே வானூர்தி கட்டுவோர் அதைவிட மலிவான கருவிகளைப் பயன்படுத்தி வந்தனர். 2016இல் டைனான் டி10ஏ, கார்மின் ஜி5 ஆகிய கருவிகளைச் சான்றிதழ் பெற்ற சிறு வானூர்திகளிலும் பொருத்த எஃப்ஏஏ அனுமதி அளித்தது. அதன்பின் இத்தகைய மாற்றம் சாதாரண உரிமையாளருக்கும் எட்டும் செலவில் வந்தது.

யார் செய்யலாம் என்பதற்கும் விதி உண்டு. பலகையின் முன்புறமிருந்து உருவி எடுக்கும் சில வானொலிகளைக் கழற்றி மாட்டவும், வழிகாட்டும் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கவும் விமானி உரிமம் உள்ள உரிமையாளருக்கு அனுமதி உண்டு. டிரான்ஸ்பாண்டர், தானியங்கி விமானி போன்றவற்றில் அவர் கைவைக்கக் கூடாது. பெரிய மாற்றங்களை, ஆய்வு அதிகாரம் பெற்ற தொழில்நுட்பரோ சான்றிதழ் பெற்ற பழுதுபார்ப்பு நிலையமோ சரிபார்த்து ஒப்பமிட வேண்டும்.

திட்டமிடல்

பழைய வீட்டில் புதிய மின்சாதனங்களைச் சேர்க்கும்முன் மின்சுமையைக் கணக்கிடுவது போன்ற வேலை இது. முதலில் வானூர்தியின் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பழைய செஸ்னா 172 வானூர்திகள் 14 வோல்ட் அமைப்பைக் கொண்டவை. பிற்காலத்தவை 28 வோல்ட் அமைப்பைக் கொண்டவை. அடுத்து, எல்லாக் கருவிகளும் விளக்குகளும் ஒரே நேரத்தில் இயங்கினால் எத்தனை ஆம்பியர் தேவை என்று கூட்டிப் பார்க்க வேண்டும். தொடர்ச்சியான சுமையை மின்னாக்கியின் திறனில் 80 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது நல்ல வழக்கம். மின்னாக்கி 60 ஆம்பியர் தருமானால், சுமை 48 ஆம்பியரைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

எடைக் கணக்கும் முக்கியமானது. வானூர்தியின் எடை மட்டுமன்றி, அந்த எடை எங்கே அமைந்துள்ளது என்பதும் பறத்தலைப் பாதிக்கும். குறிப்பிட்ட ஓர் ஆதாரக் கோட்டிலிருந்து பொருள் உள்ள தொலைவை அதன் எடையால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். சீசாப் பலகையில் எடை குறைந்த குழந்தை நுனியில் உட்கார்ந்து, நடுவே உள்ள பெரிய குழந்தையைத் தூக்கிவிடுவது இதனால்தான். எடுத்துக்காட்டாக, 2 கிலோகிராம் பெட்டியை ஆதாரக் கோட்டுக்குப் பின்னால் 0.5 மீட்டரில் வைத்தால் திருப்புத்திறன் 1 அலகு. அதையே 4 மீட்டர் பின்னால், வால் பகுதியில் வைத்தால் 8 அலகு. ஆகவே சிறு பெட்டியாயினும் இடம் மாறினால் ஈர்ப்பு மையம் நகரும். வெற்றிடப் பம்பு, குழாய்கள், பழைய வானொலிகள் ஆகியவற்றை நீக்குவதால் மொத்த எடை குறைவதும் உண்டு. எப்படியாயினும் புதிய கணக்கை எழுதி வானூர்தியிலேயே வைத்திருக்க வேண்டும்.

பொருத்தும் பணி

கருவியின் விலையைப் பார்த்துவிட்டு வருவோரைத் திகைக்கவைப்பது வேலைக்கூலி. சில வேளைகளில் அது கருவியின் விலைக்கு இணையாகவும் வரும். பலகையின் பின்புறத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். பல பத்தாண்டுகளில் பலர் சேர்த்த கம்பிகள், பயன்படாமல் விடப்பட்டவை உட்பட, அங்கே பின்னிக் கிடக்கும். பயனற்ற கம்பிகளைத் தேடி நீக்குவதற்கே பல மணி நேரம் ஆகும்.

புதிய கம்பிகள் வானூர்திக்கென்றே தயாரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். வீட்டுக் கம்பியின் பிளாஸ்டிக் உறை தீப்பற்றினால் நச்சுப் புகை எழும். சிறிய அறைக்குள் இருக்கும் விமானிக்கு அது உயிராபத்து. ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பியின் தடிமனுக்கு ஏற்ற மின்துண்டிப்பான் வேண்டும். கம்பிக் கட்டுகள் கூர்மையான உலோக விளிம்பில் உரசாமலும், கட்டுப்பாட்டுத் தண்டின் அசைவைத் தடுக்காமலும் கட்டப்பட வேண்டும். பணி முடிந்ததும் கட்டுப்பாடுகளை எல்லாத் திசைகளிலும் கடைசிவரை அசைத்துப் பார்ப்பது கட்டாயம்.

ஆண்டெனாக்களுக்கும் உரிய இடம் உண்டு. செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டிய ஜிபிஎஸ் ஆண்டெனா கூரையின் மேலும், தரை நிலையத்துடன் தொடர்புகொள்ளும் டிரான்ஸ்பாண்டர் ஆண்டெனா அடிப்பகுதியிலும் அமையும். மெல்லிய அலுமினியத் தகட்டில் துளையிடும் இடத்தில் உட்புறம் வலுவூட்டும் தகடு வைக்கப்படும்.

மின்னணுத் திசைகாட்டிக்குப் புவியின் காந்தப்புலத்தை உணரும் உணரி தேவை. இது பெரும்பாலும் இறக்கையில் அல்லது வால் பகுதியில், இரும்பிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் விலகி வைக்கப்படும். அருகே ஓர் இரும்புத் திருகு இருந்தாலும் திசை பிசகலாம்.

சோதனையும் ஆவணங்களும்

முதலில் தரையில் சோதனை நடக்கும். பொறி ஓடும்போது ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே இயக்கி, ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கிறதா என்று பார்ப்பர். காந்தத் திசைகாட்டியை 30 பாகைக்கு ஒருமுறை சரிபார்த்து, பிழை எவ்வளவு என்பதை அட்டையில் எழுதி ஒட்டுவர். டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் உயரமும் விமானியின் உயரமானி காட்டும் உயரமும் ஒத்திருக்கின்றனவா என்பது முக்கியமான சோதனை. இவை வேறுபட்டால், மேலும் கீழும் பறக்கும் வானூர்திகளைப் பிரித்துவைக்கும் கட்டுப்பாட்டாளர் தவறான எண்ணை நம்புவார். டிரான்ஸ்பாண்டரை 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதும் விதியாகும்.

பின்னர் பறந்து பார்ப்பர். தெளிவான வானிலையில், பகல் வேளையில் இதைச் செய்வதே முறை.

பெரிய மாற்றம் 337ஆம் எண் படிவத்தில் பதிவாகிறது. ஒரு படி உரிமையாளருக்கும், மற்றொரு படி 48 மணி நேரத்துக்குள் எஃப்ஏஏவுக்கும் செல்லும். பராமரிப்புப் பதிவேட்டில் குறிப்பு, புதிய எடைக் கணக்கு, கருவிக்கான பறப்புக் கையேட்டு இணைப்பு ஆகியவையும் தேவை. இவை இல்லாவிட்டால் கருவி நன்றாக வேலை செய்தாலும் வானூர்தி பறக்கத் தகுதியற்றதாகவே கருதப்படும். விற்கும்போதும் இந்த ஆவணங்களையே வாங்குபவர் முதலில் கேட்பார்.

விமானியின் பயிற்சி

புதிய திரைகள் வந்தால் விபத்து குறையும் என்று பலரும் எதிர்பார்த்தனர். 2010இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. 2002 முதல் 2006 வரை தயாரான 8,000க்கும் மேற்பட்ட சிறு வானூர்திகளை அது ஒப்பிட்டது. மின்னணுத் திரை கொண்டவற்றில் மொத்த விபத்து வீதம் குறைவாக இருந்தது. ஆனால் உயிரிழப்பு விபத்துகளின் வீதம் கூடுதலாக இருந்தது. இவை தொழிற்சாலையிலேயே திரை பொருத்தப்பட்டவை. எனினும் பின்னர் பொருத்துவோருக்கும் இதில் பாடம் உண்டு. திரைகள் கொண்ட வானூர்திகள் நீண்ட பயணங்களிலும் மோசமான வானிலையிலும் மிகுதியாகப் பயன்பட்டன என்பதையும், அக்கருவிக்கே உரிய பயிற்சி விமானிக்குத் தேவை என்பதையும் வாரியம் சுட்டிக்காட்டியது.

எனவே பணி முடிந்து வானூர்தி கைக்கு வந்ததும் உரிமையாளர் சிலவற்றைக் கற்றாக வேண்டும். திரை அணைந்தால் எந்தக் கருவி மிஞ்சும், அதற்குத் தனி மின்கலம் உண்டா, அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பன முதலில் தெரிய வேண்டியவை. பழைய பலகையில் காற்றும் மின்சாரமும் தனித்தனியே உதவின. புதிய பலகையில் பெரும்பாலானவை மின்சாரத்தையே நம்பியிருப்பதால், மாற்று மின்வழி இருப்பது இன்றியமையாதது. வழிகாட்டும் தரவுத்தளம் 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. அதைப் புதுப்பிப்பதும் விமானியின் பொறுப்பு. பயிற்றுநர் ஒருவருடன் தெளிவான வானிலையில் சில மணி நேரம் பறந்து, திரையின் ஒரு பகுதியை மறைத்துவைத்துப் பழகிய பின்னரே மேகத்தினுள் செல்வது பாதுகாப்பானது.