மாணவர்கள் காக்கும் அருங்காட்சியகம்!

நீங்கள் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைக் காட்டி விளக்கம் சொல்பவர் பெரும்பாலும் பெரியவராகத்தான் இருப்பார். ஆனால் அமெரிக்காவில் ஒரு சிற்றூரில், வருபவர்களை வரவேற்று விளக்கம் சொல்வது பள்ளிக்கூட மாணவர்கள்! பொருட்களைத் துடைத்து வைப்பதும், பதிவேட்டில் எழுதுவதும், இடத்தைச் சுத்தம் செய்வதும் அவர்கள்தான். சம்பளம் கிடையாது. 1993-ஆம் ஆண்டு தொடங்கிய பணி இது. ஓர் அணி படிப்பை முடித்துப் போனால், அடுத்த அணி பொறுப்பேற்கிறது.

அந்த ஊரின் பெயர் கிரனேடா. கொலராடோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், புரோவர்ஸ் கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் போல. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 500-க்கும் குறைவு. உங்கள் பள்ளியில் இதைவிட அதிகம் பேர் படிக்கலாம்!

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பல கவுண்டிகளுக்கு வரலாற்றுச் சங்கம் இருக்கிறது. ஊர்க்காரர்களே ஓய்வு நேரத்தில் கூடி, பழைய ஏர், தையல் இயந்திரம், புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து அருங்காட்சியகம் நடத்துவார்கள். கிரனேடாவில் அந்த வேலையை மாணவர்கள் செய்கிறார்கள். அவர்கள் காப்பது ஏரும் கலப்பையும் அல்ல. ஒரு பெரிய அநியாயத்தின் அடையாளங்களை!

என்ன நடந்தது?

1941 டிசம்பர் 7. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியது. அமெரிக்கா போரில் இறங்கியது. அப்போது அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஜப்பானிய வம்சாவளியினர் ஏராளமாக வாழ்ந்து வந்தார்கள். விவசாயம் செய்தார்கள், கடை வைத்திருந்தார்கள், மீன் பிடித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்.

“இவர்கள் முகம் எதிரியின் முகம் போல இருக்கிறதே! உளவு சொல்வார்களோ?” என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1942 பிப்ரவரி 19-இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாகச் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் போயிற்று.

அவர்களை அடைத்து வைக்கப் பத்துப் பெரிய முகாம்கள் கட்டப்பட்டன. அவற்றில் மிகச் சிறியது கிரனேடா அருகே இருந்தது. சிறியது என்றாலும் ஒரே சமயத்தில் 7,000 பேருக்கு மேல் இருந்தார்கள்! 1942 ஆகஸ்டு முதல் 1945 அக்டோபர் வரை 10,000-க்கும் அதிகமானோர் அங்கே வாழ்ந்து சென்றனர்.

பெயருக்குள் ஒரு கதை

முகாமுக்கும் ஊருக்கும் ஒரே பெயர் இருந்ததால் தபால்கள் குழம்பின. அதனால் முகாமின் தபால் நிலையத்துக்கு ‘அமாச்சி’ என்று பெயர் வைத்தார்கள். அமாச்சி, செயென் என்னும் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த பெண்மணி. புரோவர்ஸ் என்ற கால்நடைப் பண்ணையாரை மணந்தவர். அந்தப் பண்ணையாரின் பெயர்தான் கவுண்டிக்கும் வந்தது.

1864-இல் சாண்ட் கிரீக் என்னும் இடத்தில் ராணுவ வீரர்கள் நடத்திய படுகொலையில் அமாச்சியின் தந்தை கொல்லப்பட்டார். சொந்த மண்ணில் அநீதிக்கு ஆளான ஒரு குடும்பத்தின் பெண் பெயர், அநீதிக்கு ஆளான இன்னொரு கூட்டத்தின் முகாமுக்கு வந்து சேர்ந்தது. வரலாறு சில சமயம் இப்படித்தான் முடிச்சுப் போடுகிறது.

முள்வேலிக்குள் வாழ்க்கை

முகாமைச் சுற்றி முள்கம்பி வேலி. கண்காணிப்புக் கோபுரங்கள். உள்ளே 120 அடி நீளம், 20 அடி அகலம் கொண்ட நீண்ட கொட்டகைகள். ஒவ்வொன்றையும் ஆறு அறைகளாகத் தடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை கொடுத்தார்கள். கட்டில்கள், ஒரு நிலக்கரி அடுப்பு, ஒரு மின்விளக்கு. அவ்வளவுதான்! சாப்பாடு பொதுக்கூடத்தில். கழிப்பறையும் பொது. புழுதிக்காற்று அடித்தால் அறைக்குள் எல்லாம் மண்.

ஆனாலும் அந்த மக்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. மரம் நட்டார்கள். மணல் தரையில் தோட்டம் போட்டார்கள். பள்ளி நடத்தினார்கள். பட்டுத்துணித் திரை வழியாக மை அச்சிடும் பட்டறையில், தங்களை அடைத்து வைத்த அதே அரசின் கடற்படைக்குச் சுவரொட்டிகள் அச்சிட்டுக் கொடுத்தார்கள். இளைஞர்கள் பலர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார்கள். அமாச்சியிலிருந்து போனவர்களில் 31 பேர் போரில் உயிர் துறந்தார்கள்.

அந்த நாளில் இவர்களுக்காக வாய் திறந்தவர்கள் மிகச் சிலர். கொலராடோ மாநில ஆளுநர் ரால்ஃப் கார் அவர்களில் ஒருவர். “இவர்களும் நம் குடிமக்களே. இவர்களுக்கும் உரிமை உண்டு” என்ற நிலையில் உறுதியாக நின்றார். பலருக்கு அது பிடிக்கவில்லை. 1942-இல் நடந்த செனட் தேர்தலில் அவர் தோற்றுப் போனார். ஆனால் இன்று அவரைத்தான் கொலராடோ மக்கள் பெருமையோடு நினைக்கிறார்கள்.

ஓர் ஆசிரியரும் சில மாணவர்களும்

போர் முடிந்தது. முகாம் மூடப்பட்டது. கொட்டகைகளை விற்றார்கள், இடித்தார்கள். சிமெண்டு அடித்தளங்களும் கைதிகள் நட்ட மரங்களும் மட்டுமே மிஞ்சின. புல்லும் புதரும் மண்டின. ஆண்டுகள் செல்லச் செல்ல, அங்கே என்ன நடந்தது என்று அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

1993-இல் கிரனேடா உயர்நிலைப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியர் ஜான் ஹாப்பர், தம் மாணவர்களை இந்த வேலையில் இறக்கினார். முகாமில் வாழ்ந்தவர்களைத் தேடிப் பேட்டி காணச் செய்தார். அப்படிப் பிறந்ததுதான் ‘அமாச்சி பாதுகாப்புச் சங்கம்’.

முதியவர்கள் மனம் திறந்து பேசினார்கள். பத்திரமாக வைத்திருந்த படங்களையும் பொருட்களையும் கொடுத்தார்கள். அவற்றைக் கொண்டு ஊருக்குள் அருங்காட்சியகம் உருவானது. மாணவர்கள் முகாம் நிலத்தில் புதரை வெட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தைச் சீர்ப்படுத்தினார்கள். பெயர்ப்பலகைகள் வைத்தார்கள். மற்ற ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்று பேசினார்கள். ஜப்பானுக்கும் சென்று வந்தார்கள்!

இந்த மாணவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சாவளியினர் அல்லர். “நமக்கென்ன வந்தது?” என்று இருந்திருக்கலாம். நம் ஊரில் நடந்ததை நாம்தானே காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்கள்.

2008 முதல் டென்வர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே அகழாய்வு செய்து வருகிறார்கள். கிரனேடா மாணவர்களும் அதில் பங்கெடுத்தார்கள். தோட்ட மண்ணில் முட்டை ஓடுகள் கிடைத்தன. எதற்கு என்று ஊகிக்க முடிகிறதா? மணலை வளப்படுத்த உரமாகப் போட்டிருக்கிறார்கள்! கைதியாக இருந்தபோதும் பூச்செடி வளர்க்க நினைத்த மனத்தை, ஒரு முட்டை ஓடு சொல்லிவிடுகிறது பாருங்கள்.

மன்னிப்பும் மரியாதையும்

1988-இல் அமெரிக்க அரசு தன் தவற்றை ஒப்புக்கொண்டது. அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் மன்னிப்புடன் 20,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. 2006-இல் அமாச்சி தேசிய வரலாற்றுச் சின்னமானது. 2022-இல் அதிபர் பைடன் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஊரார் நிலத்தைத் தானமாகக் கொடுக்க, 2024 பிப்ரவரியில் அமாச்சி முறைப்படி தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் வந்தது.

பெரிய துறையின் கைக்கு இடம் வந்து சேர்ந்ததற்கு, முப்பது ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்கள் புல் வெட்டியதும் ஒரு காரணம். அவர்கள் விட்டிருந்தால் காப்பாற்ற எதுவுமே மிஞ்சியிருக்காது!

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், முகாமில் வாழ்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் அமாச்சிக்கு யாத்திரையாக வருகிறார்கள். 1942-இல் எட்டு வயதில் முள்வேலிக்குள் போன குழந்தைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். அவர்கள் சொன்னதை எழுதி வைத்தவர்களிடம்தான் இனி அந்த உண்மை இருக்கும்.

நீங்களும் செய்யலாம்

அருங்காட்சியகத்தின் முதல் வேலை என்ன தெரியுமா? பதிவேடு. பொருள் வந்த உடனே அதற்கு ஓர் எண் கொடுத்து, யார் கொடுத்தது, எந்த ஆண்டுப் பொருள், எதற்குப் பயன்பட்டது என்று எழுதுவார்கள். விவரம் தெரியாவிட்டால் அது வெறும் பழைய சாமான்!

உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களை எடுங்கள். பாட்டி, தாத்தாவிடம் உட்காருங்கள். “இது யார்? எந்த ஊர்? எந்த வருடம்?” என்று கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

நல்ல செய்தியை மட்டும் எழுத வேண்டும் என்பதில்லை. பஞ்சம், வெள்ளம், யாருக்கோ இழைத்த அநியாயம், எல்லாவற்றையும் எழுதுங்கள். இன்று மாலையே ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போகிறீர்களா?