பீளமேட்டிலிருந்து தில்லிக்கு



உங்கள் தேசப்படப் புத்தகத்தில் கோயமுத்தூரையும் தில்லியையும் தேடிப் பாருங்கள். பீளமேட்டை அடுத்து 1940-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நம் விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 3 கலையில் இருக்கிறது. தில்லி விமான நிலையம் 77 பாகை 6 கலையில். இடையே மூன்றே கலை! நூல் பிடித்தாற்போல் நேர் வடக்கே சென்றால் தில்லி வந்துவிடும்.

பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்திற்குப் பெருவட்டம் என்று பெயர். இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி அதன்மேல்தான் அமைகிறது. தட்டையான படத்தில் அது பெரும்பாலும் வளைந்து தோன்றி நம்மை மயக்கும். கோவைக்கும் தில்லிக்கும் அந்தத் தொல்லை இல்லை. தீர்க்கரேகையே பெருவட்டத்தின் பகுதி அல்லவா?

ஆகவே கழித்தல் கணக்கே போதும். கோவையின் அட்சரேகை 11 பாகை 2 கலை. தில்லியினுடையது 28 பாகை 34 கலை. வேறுபாடு 17 பாகை 32 கலை, அதாவது 1,052 கலை. அட்சரேகையில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 1,950 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமென்றால் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. கால அட்டவணையோ ஏறக்குறைய மூன்று மணி என்கிறது. எஞ்சிய அரை மணி எங்கே போயிற்று? விமானம் காற்றை எதிர்த்தே மேலெழும்பும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும்போது, தில்லி செல்லும் விமானம் முதலில் தென்மேற்கு நோக்கி ஓடி எழுந்து, பிறகே வடக்கே திரும்புகிறது. தில்லியின் ஓடுபாதைகளோ கிழக்கு மேற்காகக் கிடப்பவை. தெற்கிலிருந்து வருவது அங்கும் வளைந்தே இறங்கவேண்டும். தரையில் ஊர்வதும், இறங்க முறை வருமட்டும் வானில் சுற்றுவதும் வேறு.

கோபிசெட்டிப்பாளையத்து மாணவர் ஒருவர், தில்லியில் முற்பகல் 11 மணிக்கு நேர்முகத் தேர்வு, அன்று காலை விமானம் போதுமா என்று என்னை வினவினார். வீட்டிலிருந்து நிலையத்திற்கு இரண்டு மணி, அங்கே காத்திருக்க இரண்டு மணி, பறக்க மூன்று, நகருக்குள் செல்ல ஒன்று. ஆக எட்டு மணி. முதல் நாளே புறப்படச் சொன்னேன், அவ்வாறே சென்றார்.

கிழக்கே செல்வோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிங்கப்பூர் இங்கிருந்து ஏறத்தாழ 3,160 கிலோமீட்டர். பயணம் நான்கேகால் மணி என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் புறப்பட்டவர் அங்கே இறங்கும்போது கடிகாரம் 7.45 காட்டும்! திரும்பும்போதோ, இரவு 9 மணிக்கு ஏறியவர் 10.45-க்குக் கோவையில் இருப்பார். விமானம் ஊர் திரும்பும் ஆவலில் விரைகிறதோ என்று வியந்த பெரியவரை நான் அறிவேன். காற்று சில நிமிடங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். மற்றதெல்லாம் இரண்டரை மணி நேரக் கடிகார வேறுபாடே. அதிலும் ஒரு வேடிக்கை: சிங்கப்பூர் இருப்பது 104 பாகையில், 1982 முதல் அதன் கடிகாரம் ஓடுவதோ 120 பாகைக்குரிய நேரத்தில். அதனால்தான் அங்கே காலை ஏழு மணியளவில்தான் பொழுது விடிகிறது.