கொள்கை ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்



உள்ளாட்சித் தேர்தலில் கட்சியே கூடாது, குப்பைக்கும் குடிநீருக்கும் கொடி எதற்கு என்று முப்பது வருடமாகப் பேசி வருபவள் நான். ஆனால் ஓட்டுப் போட்டது ஆளுங்கட்சிக்கு. இதைச் சொன்னால் தோழிகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் என்று பல ஊர்களைச் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகளுக்கும் முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றவர், என்னோடு தினமும் வாக்கிங் வரும் ரிட்டயர்டு டீச்சர். அடுத்தவர் காசுக்குக் கை நீட்டாதவர். ஆனாலும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டு வரை தண்ணீர் ஏறியதை நான் மறக்க முடியுமா? மழைநீர்க் கால்வாய்க்குப் பெரிய பணம் கோட்டையிலிருந்துதான் வரவேண்டும். தனி ஆளாகப் போய்க் கேட்டால் எத்தனை தூரம் எடுபடும்? இதை முதல் நாளே டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போச்சு. "உங்க இஷ்டம் மேடம்" என்றார். அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

1967-ல் மூதறிஞர் ராஜாஜி செய்ததும் இதுதானே? "சக்கரவர்த்தித் திருமகன்" எழுதிய பக்திமான். ராமாயணத்தை மேடைக்கு மேடை கிண்டல் செய்த இயக்கத்திலிருந்து பிறந்தது தி.மு.க. காங்கிரஸ் போனால் போதும் என்று, அந்தக் கட்சியோடு தன் சுதந்திராக் கட்சியைக் கூட்டுச் சேர்த்தார், 88 வயதில்! ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்குப் போடுங்கள் என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்வார்கள்.

எங்கள் அம்மா கதர் வீட்டு மருமகள். அரிசிக்காகக் க்யூவில் நின்று நின்று அலுத்துப் போனவள். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்களா, குத்திவிட்டு வந்துவிட்டாள். "தாத்தா காதுல போட்டுடாதேடி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். ஆட்சிக்கு வந்த அண்ணா சென்னையிலும் கோவையிலும் அந்த ஒரு படியைக் கொடுத்தார்.

ராஜாஜிக்குத்தான் சோதனை வந்தது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். 1971-ல் கலைஞர் அரசு அதைத் தளர்த்த முடிவு செய்தது. அதற்குள் அவர் கூட்டணியை விட்டு விலகிவிட்டார். இருந்தும் கொட்டும் மழையில் கோபாலபுரம் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. கடைகள் திறந்தன. 1974-ல் திரும்பவும் மதுவிலக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவர் அந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டதைவிட, அந்த வயதில் மழையில் போய் நின்றாரே, அதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. நம்மில் பலர் "காரியத்துக்காகப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் காரியத்தைக் கேட்கப் போவதே இல்லை. ஏரியா சபை என்று ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2022 நவம்பர் 1-ல் முதல்வர் ஸ்டாலினே பம்மலில் அந்தக் கூட்டத்துக்கு வந்தார். அங்கே கவுன்சிலர் முன்னால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம்.

நான் கால்வாய் மனுவோடு போனேன். மனுவை எழுதித் தந்தது டீச்சர்தான். தெருவில் 43 கையெழுத்து வாங்கினோம். முதல் கையெழுத்து அவருடையது.

- ஒரு வாசகி, கிழக்கு தாம்பரம்.