'சூனியக்காரி' என்னும் பெயர்ப்பும் விக்கா நெறியும்

ஆங்கிலத்தில் 'விட்ச்' எனப்படுவாரைத் தமிழில் எழுதப் புகுவோர் 'சூனியக்காரி' என்று ஒரு சொல்லாற் கூறி அமைதல் பெருவழக்காயிற்று. பில்லி, சூனியம், ஏவல் என்பன நம் நாட்டிற் பிறர்க்குக் கேடு சூழ்ந்து மறைவிற் செய்வனவாகக் கருதப்படுதலின், அப்பெயர் செவிப்பட்ட அளவிலே கேட்போர் உள்ளம் அஞ்சி அருவருக்கும். பொருளை ஆராயுமுன்னரே தீர்ப்பு முடிந்துவிடுகின்றது. இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் இக்காலத்துத் தம்மை 'விட்ச்' என்று தாமே கூறிக்கொள்வாருட் பலர் 'விக்கா' என்னும் ஒரு சமயத்தைக் கைக்கொண்டவராவர். அச்சமயத்தில் நில்லாது மந்திரச் செயல் மாத்திரம் பயில்வாரும் உளர். அவர் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படவில்லை. விக்கா நெறியைப் பற்றிப் புறத்தார் கொண்ட திரிபுணர்ச்சிகள் பல. அந்நெறியினர் தம்மைப் பற்றித் தாமே கொண்ட திரிபுணர்ச்சியும் ஒன்றுண்டு. முன்னவை அவர்க்கு உலகியலில் இடர் தந்தன. பின்னது உள்ளத்தில் இடர் தந்தது.

முதற்கண் சொல்லையே நோக்குக. பழைய ஆங்கிலத்தில் 'விச்சா' ஆண்பாற்கும் 'விச்சே' பெண்பாற்கும் வழங்கின. எனவே பெண்பால் ஒன்றற்கே இதனை உரியதாக்குதல் மூலத்தொடு பொருந்தாது. சூனியக் குற்றம் சாற்றிக் கொல்லப்பட்டாருள் ஆடவரும் உளர். ஐஸ்லாந்திற் பெரும்பாலார் ஆடவரே.

இனி, இவர் சாத்தானை வழிபடுவார் என்பது புறத்தார் கூற்றுள் தலையாயது. விக்கா நெறியினர் வழிபடுவன பெண் தெய்வம் ஒன்றும், கொம்புடைய ஆண் தெய்வம் ஒன்றுமாம். பௌர்ணமி நாட்களிலும், ஆண்டில் எட்டுப் பருவ விழாக்களிலும் கூடி வழிபடுவர். சாத்தான் கிறித்தவ சமயக் கொள்கையுள் அமைந்த ஒரு பொருள். அக்கொள்கையை ஏலாதார் அவனை வழிபடுதற்கு இடமில்லை. கிரேக்கரது பான், கால் நாட்டாரது செர்னுன்னோஸ் என்னும் தெய்வங்கட்கும் கொம்பு உண்டு. கொம்பு கண்டவிடமெல்லாம் சாத்தானைக் காண்டல் ஓவியர் தந்த பழக்கமேயாம். ஒரு சமயத்தார் தெய்வத்தைப் பிறிதொரு சமயத்தார் பேய் என்றல் புதிதன்று; நம் நாட்டுத் தெய்வங்களும் பாதிரிமார் சிலரால் அவ்வாறு இகழப்பட்டமை சைவ அன்பர்கள் அறிந்ததே.

பிறர்க்குத் தீங்கு செய்தலே இவர் தொழில் என்பது மற்றொன்று. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாத எல்லைக்குள் விரும்பியது செய்யலாம் என்பது இவர்தம் ஒழுக்கத்தின் சாரம். ஒருவன் விடுத்தது மும்மடங்காய் அவன்பாலே மீளும் என்று நம்புவாரும் இவருட் பலர். குறித்த ஒருத்தியை அவள் உடன்பாடின்றித் தன்னைக் காதலிக்கச் செய்யும் கிரியையையும் தவறென்று விலக்குவார் உளர். இந்நெறியினர் அனைவரும் இவ்வொழுக்கத்தில் வழுவாது நிற்கின்றனர் என்பது கருத்தன்று. எந்தச் சமயத்தில் அனைவரும் நின்றனர்?

புறத்தார் கூற்றால் விளையும் இடர் சிறிதன்று. அலுவலகத்தில் அறிந்தால் வேலைக்கு இடையூறாம் என்றும், மணமுறிவு வழக்கில் எதிர்த்தரப்பார் இதனை எடுத்துக்காட்டிக் குழந்தைகளைப் பிரித்துவிடுவர் என்றும் அஞ்சிப் பலர் தம் வழிபாட்டைப் பெற்றோர்க்கும் மறைத்து வாழ்கின்றனர். மறைவாக ஒழுகுதல் கண்டு மேலும் ஐயுறுவர் அயலார்; ஐயுறவு கண்டு மேலும் மறைப்பர் இவர். அமெரிக்காவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-ல் விக்கா ஒரு சமயமே எனக் கூறியது. அவ்வாறு கூறிய பின்னரும், ஆப்கானிஸ்தானத்தில் 2005-ல் இறந்த ஒரு படைவீரரின் நினைவுக்கல்லில் அவர்தம் சமயக் குறியாகிய ஐம்முனை விண்மீனைப் பொறித்தற்கு அரசாங்கத்தின் இசைவு 2007-ல்தான் கிடைத்தது. கணவனை இழந்தாள் ஒருத்தி அவன் கல்லில் ஒரு குறி பொறித்தற்கு வழக்காட வேண்டியதாயிற்று.

பயிலப் புகுவார்க்குத் தம்முள்ளே எழும் இடர்களும் உள. கதைகளிற் கண்டவாறு கோலை அசைத்த அளவிற் பயன் விளையுமென்று வந்தவர் சில திங்களிற் சலித்து நீங்குவர். குழுவிற் சேர விரும்புவார் ஓராண்டும் ஒரு நாளும் பயின்ற பின்னரே தீக்கை பெறுதல் பல குழுக்களின் மரபு. நல்லாசிரியர் கிடையாதார் நூலைத் துணையாக்கித் தனித்துப் பயில்வர். ஸ்காட் கன்னிங்ஹாம் என்பார் 1988-ல் வெளியிட்ட நூல் அத்தகையார் பலர்க்கு வழியாயிற்று. தனித்துப் பயில்வார்க்குத் தம் விருப்பத்தைத் தெய்வத்தின் குறிப்பென மயங்காமை அரிது. திருத்துவார் அருகில் இல்லை.

இவை யாவற்றினும் பெரிய இடர் பழமை பற்றியது. எகிப்திய ஆராய்ச்சியாளராகிய மார்கரெட் மர்ரே அம்மையார், ஐரோப்பாவிற் கொல்லப்பட்ட 'விட்ச்'கள் கிறித்தவத்திற்கு முற்பட்ட ஒரு சமயத்தின் எச்சத்தினர் என்று 1921-ல் எழுதினார். ஜெரால்ட் கார்ட்னர் என்பார் 1900-ல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பின்னர் போர்னியோவிலும் மலாயாவிலும் இருந்து 1936-ல் இங்கிலாந்து மீண்டவர். நியூ பாரஸ்ட் என்னும் காட்டுப் பகுதியில் அப்பழஞ்சமயத்தினர் ஒரு குழுவாக இன்றும் உளர் என்றும், தாம் 1939-ல் அவர்பால் தீக்கை பெற்றதாகவும் அவர் கூறினார். 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டபின், 1954-ல் நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் மர்ரே அம்மையாரே. அவர் கொள்கையை வரலாற்றறிஞர் இன்று ஏலார். ரொனால்ட் ஹட்டன் 1999-ல் வெளியிட்ட நூல், விக்கா 20-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றதென்று விரிவாக நிறுவிற்று.

இவ்வுண்மையை அகத்திருந்தே முதலிற் கண்டவருள் ஒருவர் டோரீன் வேலியன்டி அம்மையார். 1953-ல் கார்ட்னரிடம் தீக்கை பெற்ற அவர், ஆசிரியர் பழைமையானதென்று தந்த கிரியை நூலைப் படித்தபொழுது, அதன் பகுதிகள் பல அலெய்ஸ்டர் குரௌலி என்பார் நூல்களினின்றும் எடுக்கப்பட்டனவென்று கண்டுகொண்டார். ஏட்டில் இடைச்செருகல் காண்டல் புலவர்க்கு இன்பம். தான் நம்பிக் கைக்கொண்ட மறையில், அதுவும் ஆசிரியர் கையெழுத்தில், அதனைக் காண்டல் வேறு. அம்மையார் அதனை ஆசிரியரிடமே நேரிற் கூறினார். தமக்குக் கிடைத்தவை சிதைந்தன என்றும், இடைவெளி நிரப்பவே பிறவற்றைச் சேர்த்ததாகவும் அவர் விடையிறுத்து, இயலுமேல் நீயே செம்மை செய்க என விடுத்தார். அம்மையார் செய்தார். இன்று அந்நெறியினர் ஓதுவனவற்றுட் சிறந்தன சில அவர் எழுதியனவே.

1957-ல் மீண்டும் ஒரு பிணக்கு எழுந்தது. கார்ட்னர் பத்திரிகைகளிற் பெரிதும் பேசுதல் கண்ட குழுவினர் ஒழுங்கு விதிகள் சில வரைந்து அவர்க்கு விடுத்தனர். விதிகள் முன்னரே உள என்று கூறி, பழநடையில் அமைந்த சட்டத் தொகுதி ஒன்றை அவர் அனுப்பினார். பூசாரினி மூத்தால் இளையாட்கு இடம் விட்டு விலகல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அத்தொகுதி அந்நெறியினரை எரித்துக் கொன்ற காலத்தையும் பேசுகின்றது. இங்கிலாந்திலோ சூனியக் குற்றத்திற்குத் தூக்கே தண்டனை. எரித்தல் ஸ்காட்லாந்திலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் நிகழ்ந்தது. அமெரிக்காவில் சேலம் என்னும் ஊரில் 1692-ல் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். எரிக்கப்பட்டார் ஒருவரும் இலர். ஐரோப்பாவில் 90 லட்சம் பேர் மாண்டனர் என்று அந்நெறியினர் பலகாலும் கூறிவந்ததும் 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவரின் பிழைக் கணக்கின் வழிவந்தது. ஆராய்ச்சியாளர் கொள்வது 40,000 முதல் 60,000 வரை. அத்தொகையே கொடிது, அதனைப் பெருக்க வேண்டுவதில்லை. சட்டத் தொகுதி கார்ட்னரே புனைந்தது எனத் துணிந்த அம்மையார் அவர் குழுவை விட்டு நீங்கினார்.

குழுவை நீங்கினாரேயன்றி நெறியை நீங்கினாரல்லர். 1999-ல் இறக்கும் வரை அதிலே நின்றார். கார்ட்னர் தமக்குத் தீக்கை நிகழ்ந்த மனைக்கு உரியவராகக் கூறிய டாரதி என்னும் மூதாட்டி கற்பனையே என்று வரலாற்றறிஞர் ஒருவர் ஐயுற்றபொழுது, அம்மையார் 1980-ல் தொடங்கிப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைத் தேடினார். இந்தியாவிற் படை அலுவலர் ஒருவர்க்கு 1880-ல் பிறந்து 1951-ல் இறந்த டாரதி கிளட்டர்பக் என்பார் உண்மையில் இருந்தமை அப்பதிவேடுகளாற் புலனாயிற்று. அவர் விக்கா நெறியினர் என்பதற்குச் சான்று அவற்றில் இல்லை.