பெரட்டுக்கு வராத கணினி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பெரட்டு எப்படி நடக்கும் என்று உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு, இன்று எங்கே கொழுந்து பறிப்பது, எங்கே களை எடுப்பது என்று சொல்லி அனுப்புவார்கள். பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைய உத்தரவு தெரியாது.

மாணவர்களே, அலுவலகத்திலும் பள்ளியிலும் உள்ள கணினிகளுக்கும் இப்படி ஒரு பெரட்டு உண்டு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து அதற்குக் 'குரூப் பாலிசி' என்று பெயர். தமிழில் குழுக் கொள்கை எனலாம். "இந்த மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவு" என்று நிர்வாகி சர்வரில் ஒருமுறை எழுதி வைத்தால் போதும். ஒவ்வொரு கணினியும் தொடங்கும்போது சர்வரிடம் கேட்டுத் தன் உத்தரவை வாங்கிக்கொள்ளும். சர்வர் தேடி வந்து கொடுப்பதில்லை. கணினிதான் போய் எடுக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்கும்.

ஒரு கணினி விடுபட்டால் என்ன கெட்டுவிடும்? 2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மேம்படுத்தலை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாகியும் அதை நிறுவாத கணினிகள்தாம் மாட்டிக்கொண்டன.

40 கணினிகளில் 35 புதிய பதிப்புக்கு மாறிவிட்டன, 5 மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தேடுவது? உத்தரவு போன வழியிலேயே நடந்து பாருங்கள்.

முதலில், மாறாத கணினியையே கேளுங்கள். 'ஜிபி ரிசல்ட்' என்ற கட்டளை, எந்தக் கொள்கை வந்தது, எது ஏன் மறுக்கப்பட்டது என்று காட்டும். கொள்கையே வரவில்லை என்றால், அந்தக் கணினியின் பெயர் வேறு குழுவில் இருக்கலாம்.

கொள்கை வந்தும் மென்பொருள் வரவில்லையா? கோப்பின் முகவரியைப் பாருங்கள். 'டி டிரைவ்' என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு கணினியும் தன் சொந்த டி டிரைவில் தேடி ஏமாறும். சர்வரின் பெயரோடு முழு முகவரி வேண்டும். அடுத்து அனுமதி. கணினிகளுக்கென ஒதுக்கிய மென்பொருள், யாரும் உள்நுழைவதற்கு முன்பே நிறுவப்படும். ஆகவே கோப்பைப் படிக்கும் அனுமதி ஆசிரியருக்கு இருந்தால் போதாது. கணினியின் கணக்குக்கே இருக்க வேண்டும்.

பிறகு வேகம். மலை ஊரில் இருக்கும் கிளை அலுவலகம் தொலைவிலுள்ள சர்வரை நம்பியிருந்தால் இதை மறக்கக் கூடாது. இணைப்பு விநாடிக்கு 500 கிலோபிட்டுக்குக் கீழே போனால், விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளை ஏற்கும். ஆனால் மென்பொருள் நிறுவலைத் தவிர்த்துவிடும். பாதி உத்தரவு நிறைவேறியதால், எல்லாம் சரி என்று நாம் நினைத்துவிடுவோம்.

கடைசியாக, மறுதொடக்கம். கொள்கைகள் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஆனால், இந்த வகை நிறுவல் கணினி தொடங்கும்போது மட்டுமே நடக்கும். வலையமைப்பு தயாராகும் முன்பே விண்டோஸ் எழுந்துவிட்டால், இரண்டாவது முறையும் மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும்.

காரணம் கிடைத்ததும் திருத்தத்தை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிடாதீர்கள். முதலில் ஒன்றில் சோதியுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு, சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியது. அது குரூப் பாலிசி வழியாக வந்ததல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஏர் ஆசியா பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. பிழையான கோப்பை 78 நிமிடங்களில் அந்த நிறுவனம் மாற்றிவிட்டது. ஆனால், முடங்கிய கணினிகளில் பலவற்றை ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்ய முடிந்தது.

அனுப்பியாயிற்று என்பது வேறு, போய்ச் சேர்ந்தது என்பது வேறு. உங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் ஒரே மென்பொருள் எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பில் இருக்கிறதா? ஆசிரியரின் அனுமதியோடு பதிப்பு எண்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். பெரட்டுக்கு வராதவர் யார் என்று தெரிந்துவிடும்.