அக்காவுக்கு இன்னும் ஏன் பரு வருகிறது?

காலை ஏழு மணி. ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கோப்பிக் கடை. வேலைக்குப் போகும் வழியில் ஓர் அக்கா அங்கே பசியாற உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது 28. மேசையில் டின் பால் கலந்த வெள்ளைக் கோப்பியும் காயா தடவிய ரொட்டியும் இருக்கின்றன. கோப்பி ஆறும்வரை அவர் கைப்பேசிக் கேமராவைத் தன் பக்கம் திருப்பித் தாடையைத் தடவிப் பார்க்கிறார். நேற்று இல்லாத சிவந்த பரு ஒன்று இன்று இருக்கிறது. "இந்த வயசுலயுமா?" என்று அலுத்துக்கொள்கிறார்.

உங்களுக்குப் பரு வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "வயசுக் கோளாறு, தானா போயிடும்" என்பார்கள். பலருக்கு அப்படித்தான் போய்விடுகிறது. ஆனால் எல்லாருக்கும் போவதில்லை. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆயிரம் பேருக்குமேல் கேள்வி கேட்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 20 முதல் 29 வயதுப் பெண்களில் 50.9 விழுக்காட்டினரும், 40 முதல் 49 வயதுப் பெண்களில் 26.3 விழுக்காட்டினரும் தங்களுக்குப் பரு இருப்பதாகச் சொன்னார்கள். எல்லா வயதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆக, அந்த அக்கா தனி ஆள் அல்லர்.

"எண்ணெய்ப் பலகாரம் தின்றதால்தான்", "சாக்லேட்டை நிறுத்து", "முகம் கழுவுவதே இல்லை" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இவற்றில் எது உண்மை? அறிவியல் இதை எப்படிச் சோதித்தது என்று பார்ப்போம்.

தோலுக்குள் நடப்பது

உங்கள் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். அது சுரக்கும் சீபம் என்ற எண்ணெய்ப்பசை, துளை வழியாக மேலே வந்து தோலைப் பாதுகாக்கிறது.

பரு உருவாக நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். முதலில், ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களின் தூண்டுதலால் சீபம் அதிகம் சுரக்கிறது. (இந்த ஹார்மோன்கள் பெண்களின் உடலிலும் குறைந்த அளவில் உண்டு.) அடுத்து, துளையின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. மூன்றாவதாக, அடைபட்ட இடத்தில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிரி பெருகுகிறது. கடைசியாக, உடலின் தற்காப்புப் படை அங்கே வந்து சேர, அந்த இடம் சிவந்து வீங்குகிறது.

இந்த வேலை ஓர் இரவில் முடிவதில்லை. அடைப்பு தொடங்கிக் கண்ணுக்குத் தெரியும் பருவாக மாறப் பல வாரங்கள் ஆகும். எனவே, நேற்று தின்ற ஐஸ்கிரீமுக்கும் இன்று காலை பார்த்த பருவுக்கும் நேரடி முடிச்சுப் போடாதீர்கள்.

சாக்லேட் செய்த குழப்பம்

1969-இல் அமெரிக்காவில் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் ஆகிய மூன்று மருத்துவர்கள் ஒரு சோதனை நடத்தினர். பரு உள்ள 65 பேருக்கு, சாதாரண சாக்லேட்டைவிடப் பத்து மடங்கு சாக்லேட் கலந்த கட்டிகளை நான்கு வாரங்கள் தின்னக் கொடுத்தார்கள். இன்னொரு காலக்கட்டத்தில், பார்க்க அதேபோல் இருந்தாலும் சாக்லேட் இல்லாத கட்டிகளைக் கொடுத்தார்கள். பருக்களில் வேறுபாடு தெரியவில்லை. "சாக்லேட்டுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை" என்று முடிவு எழுதினார்கள். "உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை" என்று பல ஆண்டுகள் பாடநூல்கள் சொன்னதற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம்.

அந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. உங்களால் கண்டுபிடிக்க முடிகிறதா?

சாக்லேட் இல்லாத கட்டியிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன! குற்றவாளி சர்க்கரையாக இருந்தால், இரண்டு கட்டிகளும் ஒரே வேலையைத்தானே செய்திருக்கும்? அறிவியல் பாடத்தில் கட்டுப்படுத்தப்படும் மாறி பற்றி ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

தீவும் சோதனையும்

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை மறுபடியும் கிளப்பியது. பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 300 பேர் 15 முதல் 25 வயதுக்காரர்கள். ஒருவரிடமும் பரு இல்லை. வள்ளிக்கிழங்கு, சேம்பு, பழம், தேங்காய், மீன் ஆகியவை அவர்களின் உணவு. டின் பாலும் வெள்ளைச் சீனியும் கிட்டத்தட்ட இல்லை.

உணவுதான் காரணமா, மரபணுவா? இந்த ஆய்வால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அதே 2002-இல் பிரிட்டனில் இரட்டைப் பெண்களை ஆராய்ந்தவர்கள், பரு வருவதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 81 விழுக்காட்டை மரபு விளக்குகிறது என்றார்கள். அப்படியானால் உணவை மறந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி உண்ணும் நாட்டில், மிஞ்சும் வேறுபாடு மரபிலிருந்துதான் பெரும்பாலும் தெரியும். எல்லாருடைய உணவும் மாறினால் என்ன ஆகும் என்பதை அந்த 81 சொல்லாது.

மரபு ஒன்றேதான் காரணமா என்று பார்க்க, உணவை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 15 முதல் 25 வயதுள்ள 43 ஆண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து 12 வாரங்கள் அதைச் செய்தார்கள். ஒரு குழு, இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை உண்டது. மற்றக் குழு வழக்கமான மாவுச்சத்து உணவைத் தொடர்ந்தது. 2007-இல் முடிவு வெளியானது. முதல் குழுவில் பருக்கள் சராசரியாக 23.5 குறைந்தன, இரண்டாம் குழுவில் 12 குறைந்தன. முதல் குழுவினரின் உடல் எடையும் குறைந்திருந்தது. ஆகவே பலன் உணவால் வந்ததா, எடை குறைந்ததால் வந்ததா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

நம் நாட்டு ஆய்வு

இப்போது நம் ஊருக்கு வருவோம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 முதல் 30 வயதுள்ள 88 பேரை ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரு உள்ளவர்கள் 44 பேர், இல்லாதவர்கள் 44 பேர். எல்லாரும் மூன்று நாள் உண்டதை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதினார்கள்.

ஆய்வாளர்கள் அதிலிருந்து கணக்கிட்டது கிளைசெமிக் சுமை. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதற்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. கனடாவின் தொரொண்டோவில் டேவிட் ஜென்கின்சும் அவருடைய குழுவினரும் 1981-இல் அறிமுகப்படுத்திய எண் அது. தூய குளுகோசுக்கு 100. வெள்ளைச் சோற்றுக்குச் சுமார் 73, கொண்டைக்கடலைக்குச் சுமார் 28. இந்த எண்ணை, உண்ணும் மாவுச்சத்தின் கிராம் அளவால் பெருக்கி நூறால் வகுத்தால் கிளைசெமிக் சுமை கிடைக்கும். 50 கிராம் மாவுச்சத்து உள்ள சோற்றுக்கு: 73 × 50 ÷ 100 = 36.5. அதே அளவு மாவுச்சத்து உள்ள கொண்டைக்கடலைக்கு 14தான்.

பரு உள்ளவர்களின் ஒரு நாள் சுமை சராசரியாக 175, இல்லாதவர்களுக்கு 122. பரு உள்ளவர்கள் பாலும் ஐஸ்கிரீமும் அதிக தடவை உட்கொண்டிருந்தார்கள். ஆனால் உடல் எடைக் குறியீட்டிலும் உடல் கொழுப்பிலும் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒல்லியாக இருப்பதால் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது.

சர்க்கரைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறினால் இன்சுலினும் ஏறுகிறது. இன்சுலின் ஏறினால், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி ஒன்றின் செயல் கூடுகிறது. ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதம் குறைகிறது. விளைவாக, சுரப்பி அதிக எண்ணெய் சுரக்கிறது. பாலின் குறியீட்டு எண் குறைவுதான். ஆனால் அதிலுள்ள வே புரதம் இன்சுலினை எதிர்பார்த்ததைவிட அதிகம் ஏற்றுகிறது. டின் பாலிலோ பாதிக்குமேல் சர்க்கரை!

ஆனாலும், தொடர்பு இருப்பது வேறு, காரணம் என்று நிரூபிப்பது வேறு. அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பருவுக்கென்று ஓர் உணவு முறையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே கூறியுள்ளது. உணவு ஒரு துணை. அது மருந்துக்கு மாற்று ஆகாது.

பாட்டி சாப்பிட்டதும் சோறுதானே?

நல்ல கேள்வி. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பாட்டியும் சோறுதான் சாப்பிட்டார். ஆனால் விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்தார். (காலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் பால் நன்றாக வடியும்.) பிறகு வாளி வாளியாகப் பாலைச் சுமந்தார். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே சோறு, இரண்டு வேறு உடல்கள்!

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. நம் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. சோற்றின் அளவு அப்படியே இருக்க, நடை குறைந்தது. தே தாரிக்கும் பாக்கெட் பானமும் கூடின. அதற்காக லயத்து வாழ்க்கையைப் பொற்காலம் என்று எண்ண வேண்டாம். குறைந்த கூலியும் சத்துக் குறைவும் அங்கே இருந்தன. அந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நடையை மட்டும்தான்.

இரவு வேலையும் தேர்வும் இன்னொரு பக்கம். 1999-இல் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க வைத்தபோது, அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. சிங்கப்பூரில் 94 இடைநிலைப்பள்ளி மாணவர்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. மனஅழுத்தம் கூடக் கூடப் பருவின் கடுமையும் கூடியது. ஆனால் சுரக்கும் எண்ணெயின் அளவில் பெரிய மாற்றமில்லை. ஆக, அழுத்தம் வேறு வழியில், ஒருவேளை வீக்கத்தைத் தூண்டி, வேலை செய்கிறது. எஸ்.பி.எம். நெருங்கும்போது முகம் பொரிந்துபோவது உங்கள் கற்பனை இல்லை.

என்ன செய்யலாம்?

அக்காவோடு சேர்ந்து நீங்களும் ஒரு 12 வாரச் சோதனை செய்யலாம். இனிப்புப் பானத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் அல்லது சீனி இல்லாத கோப்பி ஓ. தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, கடலை, கீரை, மீனைக் கூட்டுங்கள். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடங்கள். நேரத்துக்குத் தூங்குங்கள். வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில் பருக்களை எண்ணி எழுதுங்கள். வளரும் வயதில் பாலை முழுக்க நிறுத்தாதீர்கள், பட்டினியும் கிடக்காதீர்கள்.

தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் துளைகளை அடைக்கும், துடைத்துவிடுங்கள். முகத்தை நாளுக்கு இருமுறை மென்மையாகக் கழுவினால் போதும். தேய்த்தால் பரு போகாது, தோல்தான் புண்ணாகும். கிள்ளவும் வேண்டாம். நம் மாநிறத் தோலில் பரு ஆறினாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் தங்கும்.

அந்தக் கரும்புள்ளிக்குப் பயந்துதான் பலர் ஆபத்தில் விழுகிறார்கள். "ஏழே நாளில் வெள்ளை முகம்" என்று இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் களிம்புகளை வாங்குகிறார்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கலந்த பல அழகுப் பொருள்களை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பத் தடைசெய்து வந்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும்; பிறகு தோலை மெலியவைத்து, புதிய பருக்களையே கொண்டுவரும். பெயர், முகவரி, அறிவிப்பு எண் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

பரு வலித்தாலும், குழி விழுந்தாலும், மாதவிடாய் முறை தவறுவதோடு சேர்ந்து வந்தாலும், சுகாதாரக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். சோதித்து நிரூபித்த மருந்துகள் இருக்கின்றன. சீக்கிரம் போனால் தழும்பு குறையும்.

கோப்பிக் கடை அக்காவிடம் "முகத்தைக் கழுவுறதில்லையா?" என்று கேட்க இனி உங்களுக்கு வாய் வராது. அவருடைய முகத்தில் மரபு இருக்கிறது, ஹார்மோன் இருக்கிறது, இரவு வேலை இருக்கிறது. கிளாசின் அடியில் தங்கிய டின் பாலுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம். மரபை மாற்ற முடியாது. நாளைக் காலை "கோப்பி ஓ, சீனி வேண்டாம்" என்று சொல்ல முடியும். முதல் வாரம் கசக்கும். குறிப்பேட்டை மட்டும் மறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.